மூன்று ரூபாய்க் கருத்துப்படம்

அரசியல் பேசப் பணமும் படிப்பும் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதனைப் பொய்ப்பித்தது அச்சேறிய நையாண்டிச் சித்திரம். மரக்கட்டையில் செதுக்கிய படத்தை ஈய எழுத்துகளோடு சேர்த்து ஒரே பொறியில் அச்சிடலாம். ஆதலின் செலவு குறைவு. 19-ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பட்தலா அச்சகத்தார் இம்முறையில் மலிவுப் படங்கள் அச்சிட்டு, பாபுமாரின் பகட்டை நகையாடினர்.

தமிழில் இவ்வழியைத் திறந்தது 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழ். 1904-இல் நம் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக விளங்கிய பாரதியாரே அதன் உயிர்நாடி. அரசியல் கருத்துப்படங்களைத் தமிழ் விளக்கத்தோடு அவ்விதழ் வெளியிட்டது. எழுத்தறியாதவரும் படத்தைக் காணலாம். ஒருவர் விளக்கத்தை வாசிக்கப் பலர் கேட்கலாம்.

அதன் ஆண்டுச் சந்தா நம் சிந்தனைக்குரியது. அரசாங்கத்திற்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கு 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாயுடையோர்க்கு 15, ஏனையோர்க்கு 3. ஏழைக்கும் அரசியல் கருத்து எட்ட வேண்டும் என்னும் கொள்கை அவ்விலையிலேயே பொதிந்திருந்தது. அரசு அதனைப் பொறுக்கவில்லை. 1908-இல் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறை சென்றார். புதுச்சேரிக்குப் பெயர்ந்த இதழ் 1910-இல் நின்றது.

நகையாடல் பண்பாகுமா எனப் பெரியோர் சிலர் வினவலாம். ஒருவருடைய பிறப்பையோ உடற்குறையையோ நம்பிக்கையையோ எள்ளுவது இழிவு. அதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், அதிகாரத்தின் செயலைச் சுட்டுவது வேறு. தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணைவரை மன்னன் நாடவேண்டும் என்றவர் வள்ளுவர். நல்ல கருத்துப்படமும் அத்தகைய துணையே.

இன்று மதுரை வட்டாரத்தில் சுவரொட்டிக்குப் பஞ்சமில்லை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை வாழ்த்துகின்றன. கேள்வி கேட்பவை அரிது. அச்சு மலிந்தும் துணிவு அருகிவிட்டதோ என அஞ்சுகிறோம்.

‘இந்தியா’வின் கருத்துப்படங்களை 1994-இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கினார். கவிதையைப் போலவே அவற்றையும் தமிழ் வகுப்பில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது நம் கருத்து. மாணவர்களும் திங்கள்தோறும் ஒரு படம் வரைந்து துறையின் சுவரிதழில் இடட்டும். பெரியாற்றுக் கால்வாயின் கடைமடை நீர், கிரானைட்டுக்காக அறுபட்ட குன்றுகள் என மேலூரில் பொருளுக்கா குறைவு? வேண்டுவன ஒரு தாளும், உண்மையைச் சொல்லும் நெஞ்சுரமுமே.