தட்டில் கோடு போட்டது யார்?

"சாப்பாட்டில் மதம் பார்ப்பதால்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள், எல்லோரும் ஒரே தணலைச் சுற்றி நின்று சாப்பிடுகிறார்கள்" என்று ஒரு பதிவு இரண்டு நாளாகச் சுற்றுகிறது. தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

செப்டம்பர் 24 அந்நாட்டின் மரபு நாள். அதை 'ப்ராய் நாள்', அதாவது தணலில் இறைச்சி சுடும் நாள் ஆக்க 2005 முதல் ஒரு பிரச்சாரம் நடக்கிறது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே அதை ஆதரித்தார். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தணலில் தவறாமல் ஏறுவது பூரவோர்ஸ் என்ற தொத்திறைச்சி. மாட்டிறைச்சியில் செய்வது; பன்றியும் சேர்ப்பதுண்டு. டர்பன் இந்து என்ன செய்வார்? கேப்டவுன் முஸ்லிம்? யூதர்? பன்றியை விலக்கும் சயன் கிறிஸ்தவ சபையின் கறுப்பின மக்கள்? போதாக்குறைக்கு, அந்தத் தேதி புரட்டாசியில் விழுகிறது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழர்களின் வழியினர் பலர் இன்றும் அந்த மாதம் கறி தொடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே உணவு என்றால், விருந்தில் பாதிப்பேர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

சரி, அந்த நாட்டில் தட்டை வைத்து மனிதரைப் பிரித்தது யார்? மதமா? ராபன் தீவுச் சிறையைப் பாருங்கள். மண்டேலா அடைபட்டிருந்த அந்தச் சிறையில் இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி உண்டு. ஆப்பிரிக்கருக்குத் தொடக்க ஆண்டுகளில் ரொட்டியே கிடையாது. சர்க்கரைகூட அளவு குறைவு. எந்த வேதமும் எழுதிய விதியல்ல அது. நிறவெறி அரசு எழுதிய விதி.

மத விதியோடு வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? டர்பன் இந்தியர்கள் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றி விற்றார்கள். பெயர் பன்னி சௌ. பயப்படாதீர்கள், பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! பீன்ஸ் குழம்பு ஊற்றிய ரொட்டியை இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் சாப்பிடலாம். எந்த விதியும் குறுக்கே நிற்காது. டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்த ஆசிய மக்களின் வழிவந்த கேப் முஸ்லிம்கள் ஹலாலை விடவில்லை. அவர்கள் அடுப்பில் வளர்ந்த பபூட்டியை இன்று வெள்ளையரும் தங்கள் உணவு என்கிறார்கள்.

"ஹலால் முத்திரைக்கு மற்றவர்களும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. கணக்கைக் கேளுங்கள், தவறில்லை. கணக்கு ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் முத்திரை என்பது ஒரு தகவல். வேண்டாதவர் வேறு பொருள் வாங்கலாம். ராபன் தீவுக் கைதிக்கு அந்த வசதி இருந்ததா?

எனக்கு நானே போட்டுக்கொள்ளும் விதி விரதம். அடுத்தவன் தட்டில் நான் போடும் விதி அதிகாரம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் ஒற்றுமை பேசிக்கொண்டே பந்தியிலிருந்து ஆட்களை எழுப்பிவிடுகிறார்கள்.

ப்ராய் நடக்கட்டும் நண்பர்களே. பக்கத்தில் இன்னொரு அடுப்பும் எரியட்டும். அதற்கு இடமில்லை என்று சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.