ஏழாவது அறுவையில் கிடைத்த கட்டி

அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல்லின் எலும்புகள் கரைந்து, உயரமே பல அங்குலம் குறைந்துபோனது. காரணம், பாராதைராய்டு சுரப்பியில் வளர்ந்த ஒரு கட்டி. அதைத் தேடி அவர் கழுத்தை மீண்டும் மீண்டும் அறுத்தார்கள். 1932இல் பாஸ்டனில் நடந்த ஏழாவது அறுவையில்தான் அது நெஞ்சுக்குள் ஒளிந்திருந்தது தெரிந்தது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இன்று அப்படித் துழாவ வேண்டியதில்லை. அறுவைக்குச் சற்று முன்பு டெக்னீசியம்-99எம் சேர்த்த செஸ்டாமிபி மருந்தை ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். இதயப் பரிசோதனைக்கென வந்த மருந்து இது. மைட்டோகாண்ட்ரியா நிறைந்த கட்டி அதை உறிஞ்சி, தைராய்டைவிட நீண்ட நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பேனா போன்ற காமா கருவியைக் கழுத்தில் நகர்த்தினால், கட்டி இருக்கும் இடத்தில் கதிர்வீச்சு எண்ணிக்கை எகிறும். வெட்டியெடுத்த திசுவின் கதிர்வீச்சு, பின்னணி அளவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது கட்டிதான் என்று ஏறக்குறைய உறுதி.

கதிரியக்கம் என்றதும் அஞ்ச வேண்டாம். டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான்.

எல்லோருக்கும் இந்தக் காமா கருவி தேவைப்படாது. ஆனால் முதல் அறுவை தோற்று, தழும்பேறிய கழுத்தை மறுபடி திறக்கும்போது இந்த வசதி நோயாளிக்குக் கிடைத்தே ஆக வேண்டும். சிறு கட்டிகளையும், பல சுரப்பிகள் பெருத்திருப்பதையும் கருவி தவறவிடலாம். ஆகவே அனுபவமுள்ள கையும், அறுவை மேசையிலேயே பாராதைராய்டு ஹார்மோன் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கூடவே இருக்க வேண்டும்.