ஜெயித்தது எந்தக் கார்?

என்ன குட்டீஸ், லீவு நாட்களில் 'டிரம்ப் கார்டு' விளையாடியிருக்கிறீர்களா? வேகம், குதிரைத்திறன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ, அவருக்கே எதிராளியின் சீட்டு. இன்று நாமும் இரண்டு கார்களை மோத விடலாமா?

ஒரு பக்கம், பிரான்சில் தயாராகி 2005-ல் வெளிவந்த 'புகாட்டி வேரான்' ஸ்போர்ட்ஸ் கார். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ல் கொண்டு வந்த 'மாடல் டி' கார்.

குதிரைத்திறன்? வேரானுக்கு 1,001, மாடல் டி-க்கு வெறும் 20! வேகம்? வேரான் மணிக்கு 407 கி.மீ. பறக்கும். மாடல் டி முக்கி முனகி ஓடினாலும் சுமார் 70 கி.மீ. தான். அதைக் கிளப்புவதே பெரும்பாடு. முன்பக்கம் உள்ள இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால், அது திருப்பி அடித்துக் கையையே உடைத்துவிடும்!

இரண்டு கட்டத்திலும் பழைய காருக்குத் தோல்விதான். ஆனாலும், என் ஓட்டு அதற்கே. ஏன் தெரியுமா?

சீட்டில் அச்சிடாத ஒரு கட்டம் இருக்கிறது. 'எத்தனை பேருக்குப் பயன்பட்டது?' என்பதுதான் அது.

வேரான் 2015 வரை மொத்தமே 450 கார்கள்தான் தயாரானது. பெரும் கோடீஸ்வரர்களால் மட்டுமே வாங்க முடிந்தது. முழு வேகத்தில் ஓட்டினால், 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 12 நிமிடத்தில் காலி!

மாடல் டி-யோ 1927-க்குள் ஒன்றரைக் கோடி தயாரானது. கார் நகர்ந்து வர, தொழிலாளர்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் முறையை 1913-ல் ஃபோர்டு கொண்டு வந்தார். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, சீக்கிரமே சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 850 டாலர் அளவில் தொடங்கிய விலையும் இறங்கியது. 1925-ல் 260 டாலருக்கே ஒரு மாடல் டி கிடைத்தது. சாதாரண விவசாயிகளும் வாங்கினார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, அதே காரால் மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள்!

அதற்காக, வேரானைச் செய்த பொறியாளர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். 400 கி.மீ. வேகத்தில் வரும் காரைப் பத்தே நொடிக்குள் நிறுத்துவது லேசான காரியமா? மாடல் டி-யில் சீட் பெல்ட் கூடக் கிடையாது. பாதுகாப்பில் புதிய காருக்குத்தான் முழு மார்க்.

நாளை நீங்களும் ஏதாவது ஒரு புதுப் பொருளைச் செய்யலாம். அப்போது, 'இது எவ்வளவு வேகம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு இது போய்ச் சேரும்?' என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை டிரம்ப் கார்டு ஆடும்போது, விடுபட்ட அந்தக் கட்டத்தைப் பேனாவால் எழுதிச் சேர்த்து விடுங்கள். அப்புறம் பாருங்கள், யார் சீட்டு யாருக்குப் போகிறதென்று!