இந்தச் சந்தைக்குச் சுங்கம் இல்லையாமே!

சமூக ஊடகங்களைக் கொஞ்சம் குறை சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு பதில் வரும். "இளம்பிள்ளையில் தயாராகிற சேலையை வீட்டிலிருக்கிற பெண் ஒருத்தி வெளிநாடு வரை விற்கிறாளே, அது எதனால்? ஊறுகாய் போட்டு விற்கிற அக்காவுக்குக் கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவு இல்லை, மேலே முதலாளி இல்லை. பத்திரிகைக்காரன் கண்டுகொள்ளாததையெல்லாம் இன்றைக்குச் சாமானியன் பேசுகிறான். இதில் போய் விதி, கட்டுப்பாடு என்று கை வைத்தால் முதலில் சாவது சின்னக் கடைக்காரன்தான்." தொழில் மாநாட்டு மேடையிலும் இதைக் கேட்கலாம், டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம்.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சேலை விற்கிறது, ஊறுகாயும் போகிறது. ஆனால் இந்த ஒரு மூச்சுப் பேச்சுக்குள் பல கூற்றுகள் ஒன்றின் தோளில் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. பிரித்து நிறுத்தினால் ஒன்றாவது தனியாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில், செலவில்லை என்பது. வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் ஒரு பெண்ணின் பகல்பொழுதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்ததும், வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரம் சேலையை விரித்து, முந்தி தனியாக, பார்டர் தனியாக, பிளவுஸ் துணி தனியாகப் படம் எடுக்க வேண்டும். அந்த வாரம் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அதைத் தேடிப் பிடித்து ரீல்ஸ் போட வேண்டும். விலையைப் படத்திலேயே எழுதியிருந்தாலும் "பிரைஸ் ப்ளீஸ்" என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்ப முடியாது, பணம் ஏறியிருக்கிறதா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். கூரியர் கடை சாத்துவதற்குள் பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுத்தால்தான் எக்ஸ்சேஞ்ச்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த வரி ஏமாந்த அனுபவத்தில் எழுதப்பட்டது. விலை கேட்கிற சாக்கில் ராத்திரி பதினொரு மணிக்கு வழிகிறவர்களை பிளாக் செய்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி. இதற்கெல்லாம் கூலி போட்டுப் பார்த்தால் லாபம் என்று மிஞ்சுவது எவ்வளவோ, அவருக்கே தெரியாது.

காசுச் செலவும் உண்டு. "பக்கம் தொடங்குங்கள், லைக் சேருங்கள், வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவார்" என்று ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஃபேஸ்புக், 2018 ஜனவரியில் திசையை மாற்றியது. நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்றும், கடைகள், பிராண்டுகள், செய்தி நிறுவனங்கள் ஆகியவற்றின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்றும் மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். ரீச் அதற்கு முன்பே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அறிவித்தே குறைத்தார்கள். ஒரே அறிவிப்பில் கடைக்காரரும் பத்திரிகைக்காரரும் பின்னால் தள்ளப்பட்டார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முன்னால் வர வழி? பதிவுக்குக் கீழேயே இருக்கிறது 'பூஸ்ட்' பொத்தான். யாருக்குக் காட்ட வேண்டும், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்கும். அந்தத் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் பெரிய ஜவுளிக்கடை அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். எண் இல்லாத வீட்டு வியாபாரி முழுசாகக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான். 2024-ல் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருவாய் ஏறக்குறைய 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97-க்கும் மேல் விளம்பரத்தில் வந்தது. அது யார் கொடுத்த பணம் என்பதற்கும் விடை உண்டு. 2020 ஜூலையில், வெறுப்புப் பேச்சைக் கண்டித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்குக்கு விளம்பரம் தருவதை நிறுத்தின. கம்பெனி பெரிதாக அசையவில்லை. அதிகம் செலவழிக்கும் முதல் 100 விளம்பரதாரர்களிடமிருந்து வருவது தன் வருவாயில் 16%தான் என்று அதுவே சொன்னது. மிச்சத்தில் பெரும்பங்கு நடுத்தர, சின்ன ஆட்கள் போட்டது. இலவசம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற இடத்தை நடத்துவதே அவர்களுடைய பணம்தான்.

அடுத்தது, 'பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே மைதானம்'. இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. நம் ஊர் வாரச் சந்தையைப் பேரூராட்சி ஏலம் விடும்; ஏலம் எடுத்தவர் கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். கூடக் கேட்டால் ரேட் போர்டைக் காட்டிச் சண்டை போடலாம், கவுன்சிலரிடம் போகலாம். இந்தச் சந்தையிலும் ஏலம்தான். ஆனால் ஒவ்வொரு விளம்பரமும் ஒவ்வொரு கண்ணில் படும் அந்த நொடிக்குத் தனித்தனி ஏலம், ஏலம் கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, ரேட் போர்டும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகர் ஜவுளி மாளிகையும் நம் சேலைக்கார அக்காவும் ஒரே பெண்மணியின் கண்ணுக்காக ஏலம் கேட்கிறார்கள். இதைச் சமமான மைதானம் என்பவர்களிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

'சேர்த்த ஃபாலோயர்கள் நம் சொத்து' என்கிறார்களே, அதைப் பார்ப்போம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. சில வாரங்களில் தடை விலகியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது, டிக்டாக் அதில் ஒன்று. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் கூட்டம் சேர்த்து வைத்திருந்த கிராமத்து நடிகருக்கும் மருதாணிக்காரருக்கும் அந்தக் கூட்டத்தின் ஒரு தொலைபேசி எண்கூடக் கையில் மிஞ்சவில்லை என்பதுதான் இங்கே விஷயம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. நம் நேரப்படி அது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் போனும் கையுமாக உட்காரும் நேரம், லைவ் போட்டுச் சேலை காட்டுகிற நேரம். கடைத்தெருவில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைத்தாவது கல்லாவைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று கடைக்கும் ஒரே சாவி, அதுவும் கலிஃபோர்னியாவில் என்றால் என்ன செய்வது? வாடிக்கையாளர் பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் பழைய டயரியில் எழுதி வைக்கிற வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பெடுப்பவர்களைவிட விவரமானவர்கள்.

இப்போது பேச்சுக்கு வருவோம். 'சாமானியனுக்கு வாய் கிடைத்தது.' 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் சொல்லிக் காப்பாற்றியதை யாரும் மறுக்க முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தை எந்தக் கட்சியும் லாரி வைத்துக் கூட்டவில்லை. அதற்கான பெருமையைக் கொடுத்துவிடலாம். ஆனால் வாய் கிடைப்பது வேறு, யார் பேச்சு எட்டுகிறது என்பது வேறு. ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் 2021-ல் வெளியானபோது அந்தக் கணக்கு தெரிய வந்தது. ஒரு கட்டத்தில், ஒரு பதிவுக்குக் கிடைக்கும் 'கோப' முகத்துக்குச் சாதாரண லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். கடையையும் பத்திரிகையையும் பின்னால் தள்ளிய 2018 மாற்றம் சண்டையைத்தான் முன்னால் கொண்டுவருகிறது என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தார்கள். போலந்தில் ஒரு கட்சி, பாதிக்குப் பாதி நல்லதும் கெட்டதுமாகப் போட்டுவந்த பதிவுகளை, அந்த மாற்றத்துக்குப் பிறகு நூற்றுக்கு 80 தாக்குதல் பதிவாக ஆக்கிக்கொண்டதாம். திட்டினால்தான் எட்டுகிறது என்று கட்சிக்காரருக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர்க் கட்சிகளின் ஐ.டி. பிரிவுகளுக்கு இதைப் போலந்திலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கடையும் பேச்சும் ஒரே கணக்கில் இருப்பதால் கடை வைத்தவர் வாயை மூடிக்கொள்கிறார். சேலை விற்கிற பெண் தன் ஊர்க் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றி ஒரு வரி எழுதினால், கவுன்சிலரின் ஆட்கள் சேலைப் படத்துக்குக் கீழே வந்து "ஃப்ராடு கடை, வாங்காதீர்கள்" என்று எழுதலாம். கூட்டமாக ரிப்போர்ட் அடித்துக் கணக்கையே முடக்கலாம். முன்பு மளிகைக் கடை அண்ணாச்சி கடையில் ஒன்றும் பேச மாட்டார். சாயங்காலம் மன்றத்தில் போய்ப் பிளந்துகட்டுவார். சேலை விற்கிற பெண்ணுக்கு அந்த இன்னொரு இடம் இல்லை. சாமானியனுக்கு வாய் கிடைத்த கதையில், வியாபாரத்துக்காக அதை மூடிக்கொண்ட சாமானியர்களை யாராவது எண்ணியிருக்கிறார்களா?

'நாலு கிறுக்கர்கள் கத்துவார்கள், வியாபாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பவர்களும் உண்டு. கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற ஃபார்வர்டு 2020 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுற்றியபோது, பல்லடம் கறிக்கோழிப் பண்ணைக்காரரிடமும் நாமக்கல் முட்டைக்காரரிடமும் தெருமுனைக் கறிக்கடைக்காரரிடமும் இதைக் கேட்டிருக்கலாம். ஹைதராபாத்தில் அமைச்சர்கள் மேடையேறிக் கோழி தின்று காட்ட வேண்டியிருந்தது.

திருப்பூரில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அதில் ஒன்று வடமாநிலத்தவருக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். விளக்கம் வந்து சேர்வதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு புறப்பட்டு வந்தது. இங்கே போலீஸ்காரர்கள் பனியன் கம்பெனி கம்பெனியாகப் போய் இந்தியில் தைரியம் சொன்னார்கள். முதல்வர் ஸ்டாலின் பீகார் முதல்வர் நிதிஷ் குமாரிடம் பேசினார். பரப்பிய யூடியூபர் ஒருவர் பிறகு கைதாகித் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்.

இதற்கிடையே ரயில் நிலையத்தில் பைகளோடு கூட்டம். ஹோலிக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத வாரம் அது. பெரிய ஏற்றுமதி நிறுவனம் நாலு நாள் தாக்குப்பிடிக்கும். ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக் கொடுக்கிற பவர் டேபிள்காரர் என்ன செய்வார்? ஓவர்லாக்கில் உட்கார்பவரும் செக்கிங், அயர்னிங் பார்ப்பவரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். ஆள் எழுந்து போனால் மெஷின் நிற்கும், டெலிவரி தேதி தவறும், வட்டி மட்டும் ஓடும். இத்தனைக்கும் அந்தப் பவர் டேபிள்காரர் சமூக ஊடகத்தில் எதையும் விற்கிறவரே அல்ல. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீடியோ, கோபம் விலைபோகும் என்று தெரிந்து வைத்திருக்கிற ஏற்பாட்டின் முதுகில் ஏறி அவர் பட்டறைக்கு வந்துவிட்டது. 'வியாபாரம் வேறு, விவாதம் வேறு' என்கிறவர்கள் அனுப்பர்பாளையம் பக்கம் போய் ஒரு சுற்று விசாரித்துவிட்டு வரலாம்.

கடைசிக் கூற்றுதான் கம்பெனிகளுக்கு ரொம்பப் பிடித்தது: 'விதி போட்டால் சின்னக் கடைக்காரன் சாவான்.' இந்த அக்கறை எப்போதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். 2015 இறுதியில், ஒரு சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு இங்கே எதிர்ப்பு வந்தபோது, மராட்டிய விவசாயி ஒருவரின் கதையைச் சொல்லி ஸக்கர்பெர்க் நம் நாட்டுப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஒரே மாதிரியான ஆதரவுக் கடிதங்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குக் குவிந்தன. கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் கடிந்துகொண்டது. 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று ஒழுங்குமுறை வந்தது. அதனால் எந்த விவசாயியும் எந்தக் கடைக்காரரும் சாகவில்லை. அந்த ஆண்டே டேட்டா விலை சரிந்து பலர் கையில் முழு இணையமும் வந்தது, அதற்குக் காரணம் வேறு என்றாலும். பிறகு 2020 டிசம்பரில், பயனரின் அனுமதி இல்லாமல் அவரைப் பின்தொடரக் கூடாது என்று ஆப்பிள் சொன்னபோது, சிறுவணிகருக்காகக் களத்தில் நிற்கிறோம் என்று அமெரிக்க நாளிதழ்களில் ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த மாற்றத்தால் 2022-ல் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குச் சொன்னபோது வந்த எண், சுமார் 1,000 கோடி டாலர். அது மெட்டாவின் வருவாயில் விழும் துண்டு. கடைக்காரரின் கணக்கை அந்த அறிக்கையில் தேடிப் பயனில்லை.

எல்லா விதியும் நல்ல விதி என்று சொல்ல வரவில்லை. அரசுக்குப் பிடிக்காத பதிவை நீக்க வைக்கும் விதியும், கடைக்காரரின் கணக்கைக் காக்கும் விதியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்ப்பதுதான் தந்திரம். நம் நாட்டில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளமும் குறைதீர்ப்பு அதிகாரி வைக்க வேண்டும். புகாரைத் தீர்க்க அப்போது கொடுத்த கெடு 15 நாள். அதிலும் திருப்தி இல்லையென்றால் 2023-ல் அமைந்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அது 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் கணக்கு முடங்கிய சேலை வியாபாரி இந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அதற்குள் தீபாவளியே முடிந்திருக்கும். வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரத்துக்குப் பணம் வாங்கிய கணக்கை முடக்கினால் இரண்டு நாளுக்குள் காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், பேச ஒரு மனிதர் வேண்டும், முடக்கியது தவறென்றால் அந்த விளம்பரப் பணம் திரும்ப வேண்டும். இந்த மூன்றில் எது சின்னக் கடைக்காரரைக் கொல்லும் என்று அந்த வாதத்தை வைப்பவர்கள் சொல்லட்டும்.