பாட்டிலுக்குக் கணக்கு உண்டு

தீபாவளி முடிந்த மறுநாள் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெருமை காத்திருக்கும். டாஸ்மாக் விற்பனை எவ்வளவு என்று மண்டல வாரியாகச் செய்தி வரும். மதுரை மண்டலம் முதலிடம் என்று வந்த வருடங்கள் உண்டு. அன்று முழுக்க வாட்ஸப்பில் வடிவேலு மீம்கள்தான். "நம்மாளுக விட்டுக்கொடுப்பாய்ங்களா?" என்று ஆபீஸ் குரூப்பில் ஒருத்தன் போடுவான். நாமும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு எண்ணைப் பார்த்தால் அதன் பக்கத்தில் இருக்கவேண்டிய இன்னொரு எண் எங்கே என்றுதான் தோன்றும். அந்தத் தீபாவளி வாரத்தில், குடியை நிறுத்தணும் என்று இதே மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை பேருக்குப் படுக்கை கிடைத்தது? மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் குடிக்காமல் இருந்தார்கள்? இப்படி ஒரு பட்டியல் எந்தக் காலையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

கணக்கெடுக்கத் தெரியாத அரசு என்றால் மன்னித்துவிடலாம். இது அப்படிப்பட்ட அரசு இல்லை. நீலகிரியில் காலி பாட்டில்களால் காடு கெடுகிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டபோது, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆலையிலிருந்து கடை வரை ஒவ்வொரு பாட்டிலையும் கியூஆர் கோடு வழியாகப் பின்தொடரும் கணினித் திட்டத்துக்காக ரெயில்டெல் நிறுவனத்துக்கு டாஸ்மாக் கொடுத்த பணியாணையின் மதிப்பு சுமார் 294 கோடி ரூபாய். தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். பாட்டில் எங்கே தயாரானது, எந்த லாரியில் ஏறியது, எந்தக் கடையில் இறங்கியது, காலியாகித் திரும்பி வந்ததா, எல்லாம் தெரியும். நடுவில் அதைக் குடித்த ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, அவர் மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை.

2025-ன் தொடக்கத்தில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு தொடங்கியது. நல்ல பெயர், நல்ல காரியம், செலவு 14 கோடி ரூபாய் அளவில். டாஸ்மாக்கால் 2024-25-ல் அரசுக்குக் கிடைத்த வரி வருமானம் சுமார் 48,000 கோடி. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 131 கோடி. கடை திறந்திருப்பது பகல் 12 முதல் இரவு 10 வரை, பத்து மணி நேரம். ஆக, மணிக்கு 13 கோடி. தமிழ்நாடு முழுமைக்குமான 25 மீட்பு மையங்களின் செலவை, கடை திறந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆவதற்குள் டாஸ்மாக் சம்பாதித்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம்.

இந்த வரிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. சாராயக் காசு வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரி அது. இன்று ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் மதுவின் மீது அதே விற்பனை வரியின் வாரிசுதான் மதிப்புக் கூட்டு வரியாக விழுகிறது. டாஸ்மாக் வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். கோரிப்பாளையத்துப் பக்கம் இருக்கும் நம் பெரியாஸ்பத்திரிக்கு ராஜாஜி பெயர் வைத்திருக்கிறார்கள். மனுஷன் அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கணும்.

குடியை நிறுத்துவது மன உறுதி சம்பந்தப்பட்டது என்று நம் ஊரில் ஒரு பெரிய நம்பிக்கை. கோயிலில் கயிறு கட்டுவதும் அந்த நம்பிக்கையில்தான். கயிறு கட்டியவரை நான் கேலி செய்ய மாட்டேன்; வேறு கதவு திறந்திருந்தால் அவர் அங்கே போயிருப்பார். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் குழம்பிப்போவார், கவனிக்காமல் விட்டால் சாகலாம். இதற்கு மருந்து உண்டு. அரிய மருந்தும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க டயஸிபாம் வகை மாத்திரை, மூளையைக் காப்பாற்ற தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி, சில நாள் படுக்கை, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு நர்ஸ்.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர், மகள் சடங்குக்கு முன்னால் குடியை விட்டே தீருவது என்று நிறுத்தினார். மூன்றாம் நாள் சனிக்கிழமை ராத்திரி அவர் மனைவி வந்து கதவைத் தட்டினார். "தம்பி, சுவத்துல எறும்பா ஊருதுங்கிறாருப்பா. எறும்பே இல்ல. என்னைய யாருன்னு கேக்குறாரு." ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஒரு ஊசி போட்டார்கள். "மனநல டாக்டர் திங்கக்கெழமதான் வருவாரு, ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் பணியில் இருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குப் பின்னால் இரண்டு விபத்துக் கேஸ் காத்திருந்தது. ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்காவே போய் ஒரு குவாட்டர் வாங்கி வந்து கொடுத்தார். அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "வேற என்ன செய்யச் சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

அந்த வாரக்கடைசியில் அரசின் இரண்டு கதவுகளில் ஒன்றுதான் சொன்ன நேரத்துக்குத் திறந்தது.

இது ஏதோ எங்கள் தெருவின் துரதிர்ஷ்டம் இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தது 180 பேரில் ஒருவர்.

இந்த இடத்தில் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள். முதலாமவர், "அப்ப கடையை மூடிரலாமே" என்பார். அவருடைய கோபத்தை மதிக்கிறேன். 2015-ல் காந்தியவாதி சசிபெருமாள் மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். நம் மதுரை நந்தினி, டாஸ்மாக்கில் விற்பது உணவா மருந்தா என்று நீதிமன்றத்திலேயே கேட்டு, 2019-ல் நீதிமன்ற அவமதிப்பு என்று சிறைக்குப் போனார். அதனால் அவர் கல்யாணமே தள்ளிப்போனது. ஆனால் 2016-லிருந்து பூரண மதுவிலக்கு இருக்கிற பீகாரில், 2022 டிசம்பரில் சாப்ரா பக்கம் கள்ளச்சாராயம் எத்தனை பேரைக் கொன்றது என்று பாருங்கள். கடையை மூடினால் அடிமையானவரின் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அன்று ராத்திரியும் அதற்குப் படுக்கை வேண்டும்.

இரண்டாமவர், "அந்தக் காசில்தானே மதியச் சாப்பாடு, இலவசப் பேருந்து எல்லாம்?" என்பார். இருக்கட்டும். 48,000 கோடி தரும் ஒருவருக்குத் திருப்பித் தர ஒரு படுக்கை இல்லையா என்பதுதான் என் கேள்வி. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் குடித்துச் செத்தபோது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவிக்க அரசுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உயிரோடு இருந்தபோது அந்த ஆட்களுக்கு அரசு செலவிட்டது எவ்வளவு?

மூடு என்றும் மூடாதே என்றும் நடக்கும் இந்தச் சண்டை எல்லாக் கட்சிகளுக்கும் வசதி. 2016-ல் 500 கடை, 2023-ல் 500 கடை என்று மூடிக் காட்டலாம். மிச்சமிருந்தது 4,829 கடை. இத்தனை கடை மூடினோம் என்பது செய்தி. இத்தனை படுக்கை திறந்தோம், இத்தனை பேர் மீண்டார்கள் என்று சட்டமன்றத்தில் யாரும் யாரையும் மடக்கிக் கேட்பதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். மதுவிலக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வருடா வருடம் வருமானப் பட்டியல் வருகிறது அல்லவா? அதே பக்கத்தில், அதே அட்டவணையில், மாவட்ட வாரியாக இன்னும் நான்கு பத்தி சேருங்கள்: குடிமீட்புப் படுக்கைகள், அனுமதிக்கப்பட்டவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், ஆறு மாதம் கழித்தும் குடிக்காமல் இருப்பவர்கள். மேலூரில், உசிலம்பட்டியில், திருமங்கலத்தில் சனிக்கிழமை ராத்திரியும் தயமின் இருந்ததா என்று ஒரு வரி. இந்த மென்பொருளுக்கு 294 கோடி வேண்டாம். என்னை மாதிரி நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மாத வேலை.

அப்புறம், கடைச் சுவரில் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்று எழுதியிருக்கிறது. நான் பார்த்த எந்தக் கடையிலும் அதன் கீழே பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயரும், எந்த வார்டு என்பதும், ராத்திரி எடுக்கிற ஒரு போன் நம்பரும் இல்லை. மதுரையில் ஒரு கடையிலாவது எழுதிப் பாருங்கள். எழுதின அன்றைக்கே ஆள் வருவார்.