நூற்றுக்கு எத்தனை?

ஒரு காட்சியை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே!

ஜவ்வாது மலைச் சரிவிலே ஒரு சிற்றூர். பொழுது புலருமுன் ஒரு தாய் எழுகிறாள். பன்னிரண்டு வயது மகனை முதுகிலே சுமந்துகொள்கிறாள். மூளை முடக்குவாதம் அவன் கால்களைப் பிணித்துவிட்டது; பேச்சையும் பாதி பறித்துக்கொண்டது. ஒற்றையடிப் பாதையிலே இறங்கி, பேருந்து ஏறி, கண்ணமங்கலம் கடைத்தெருவிலே வந்து நிற்கிறாள்.

தேநீர்க் கடைப் பெரியவர் பார்க்கிறார். “போன பிறவியிலே என்ன செய்தானோ!” என்று பெருமூச்சு விடுகிறார். வாகனத்திலே வந்த செல்வர் பார்க்கிறார். பத்து ரூபாய் நாணயமொன்றை அவள் கையிலே வைத்துவிட்டு, புண்ணியக் கணக்கிலே வரவு எழுதிக்கொண்டு போகிறார். மூன்றாமவர் அலுவலகத்து மனிதர். அவர் பெருமூச்சும் விடுவதில்லை, நாணயமும் தருவதில்லை. “சான்றிதழில் நூற்றுக்கு எத்தனை?” என்று கேட்கிறார்.

வினை, தருமம், விழுக்காடு! அந்தத் தாய்க்கு நாடு தருகின்ற விடைகள் இம்மூன்றே. மூன்றையும் எடுத்து அலசிப் பார்ப்போம்.

வினை என்பது வெகு வசதியான விடை. வினை என்று சொல்லிவிட்டால் பள்ளியிலே சாய்தளம் கட்டவேண்டாம். சக்கர நாற்காலி வாங்கித் தரவேண்டாம். வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரி எழுதவேண்டாம். குற்றவாளி முற்பிறவியிலே இருக்கிறான். அவனை யார் விசாரிப்பது! இந்தப் பித்தலாட்டத்துக்கு மறுப்பு தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கண்ணமங்கலத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை வேலூருக்குப் போகிறது. அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே மேரி வர்கீஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். 1954-இல் நேர்ந்த சாலை விபத்து அவருடைய கால்களைச் செயலற்றவை ஆக்கிற்று. “விதி” என்று அவர் மூலையிலே முடங்கினாரா? சக்கர நாற்காலியிலே அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அவரை நிமிர்த்தியவை பரிகாரங்கள் அல்ல. பயிற்சியும் கருவியும் வாய்ப்பும்! மலையூர்ச் சிறுவனுக்கு இல்லாதவை எவை என்பது இப்போது விளங்கவில்லையா?

இரண்டாவது விடை தருமம். கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்ற படிக்கட்டு அதிலே ஒளிந்திருக்கிறது. ஆனால் உலகம் அந்தப் படிக்கட்டை இடிக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஜெர்மானிய நாட்டிலே உழைக்க இயலாது போனவர்க்கு ஓய்வூதியம் தரும் காப்புறுதிச் சட்டம் 1889-இலேயே பிறந்தது. நம் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, முதுமையிலும் நோயிலும் உடல் இயலாமையிலும் பொது உதவி பெற வழி செய்யுமாறு அரசைப் பணிக்கிறது. இம்மாநிலத்திலே முதியோர் ஓய்வூதியம் 1962-இலும், ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர்க்கு ஓய்வூதியம் 1974-இலும் வந்தன. ஐக்கிய நாடுகள் மன்றம் 2006-இல் ஏற்ற உடன்படிக்கைக்கு இந்தியா 2007-இல் ஒப்புதல் தந்தது. அதன் வழியே 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிறந்தது. சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: ‘உரிமைகள்’ சட்டம், ‘கருணை’ச் சட்டம் அன்று!

இனி மூன்றாவது விடைக்கு வருவோம். “நூற்றுக்கு எத்தனை?” என்ற கேள்வியை நாம் ஒரே வீச்சில் தள்ளிவிடவில்லை. முதலில் அதனைக் கற்றாகவேண்டும். கல்லாதவன் கையிலே உரிமை இருந்தும் அது பூட்டிய பெட்டி. திறவுகோல் இடைத்தரகன் மடியிலே!

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளோடு, மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம், கற்றல் குறைபாடு, மனநோய், நடுக்குவாதம், அமில வீச்சினால் சிதைந்தோர், பழங்குடியினர் பலரை வாட்டும் அரிவாள் செல் இரத்த நோய் ஆகியவையும் அதிலே உண்டு. ‘கண்ணுக்குத் தெரிந்தால்தான் குறைபாடு’ என்று இன்னமும் எண்ணுவோர், சட்டத்துக்கும் பின்னே நிற்கிறார்கள்.

சான்றிதழில் 40 விழுக்காடு என்பது முதல் வாயில். கல்வியிலே 5 விழுக்காடு, அரசுப் பணியிலே 4 விழுக்காடு இடஒதுக்கீடு இந்த வாயிலைக் கடந்தவர்க்கே. வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 18 வயது நிரம்பிய ஏழையர்க்கு உரியது. வருவாய், சொத்து வரம்புகள் அதற்கு உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்திலே விண்ணப்பிக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 விழுக்காடும், பிற கடுமையான பாதிப்புகளுக்கு 75 விழுக்காடும் அதற்கு வரம்பு. அதிலே குழந்தைகளும் அடங்குவர். இரண்டையும் ஒருவரே சேர்த்துப் பெற இயலாது. தில்லி அரசின் பங்கோடு வரும் ஓய்வூதியத்துக்கோ 80 விழுக்காடு வேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் இருக்கவேண்டும்.

ஆகவே, நாம் கண்ட சிறுவனுக்கு ஓய்வூதியம் என்று மனு எழுதினால் வயது காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பராமரிப்பு உதவித்தொகை என்று எழுதினால் வழி பிறக்கும். ஒரு சொல் தவறினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு போகிறது. மனு எழுதத் தெரிந்த இளைஞன் ஒருவன் அந்த ஊரிலே இருந்திருந்தால்?

இன்னுமொன்று. கண்ணமங்கலத்துக்கு மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலை. வேலூரோ அருகிலிருக்கிறது, ஆயினும் வேறு மாவட்டம். “உன் மாவட்டத்துக்குப் போ” என்ற சொல்லோடு எத்தனை பேர் வீடு திரும்புகிறார்கள்! ஆனால் விதி என்ன சொல்கிறது? வாழும் மாவட்டத்திலே மட்டுமல்ல, தாம் மருத்துவம் பெறுகின்ற அரசு மருத்துவமனையிலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலே மருத்துவம் பெறுபவர் அங்கேயே கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவு ஏற்கத்தக்கதல்ல எனில், 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். இவை நாம் கேட்கும் சலுகைகள் அல்ல. சட்டப் புத்தகத்திலே உள்ள வரிகள்!

கற்றாயிற்று. இனிக் கேட்கிறோம்: இந்த எண் எதனை அளக்கிறது?

உடலை அளக்கிறது, வாழ்வை அளக்கவில்லை. ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரின் விரல்கள் சிதைந்தன என்று கொள்வோம். 35 என்று எழுதப்படுகிறது. நிலக்கிழார் ஒருவருக்கும் அதே விரல்கள், அதே 35. நிலக்கிழாரின் வயல் வழக்கம்போல் விளையும். தறிக்காரரின் தறியோ நின்றுபோகும். ஒருவருக்கு அது தழும்பு. மற்றவருக்கு அது பட்டினி. இருவரும் எண்ணிலே சமம்! தராசு பொய் சொல்லவில்லை. எடைபோட வேண்டியதை விட்டு வேறொன்றை எடை போடுகிறது.

நீதிமன்றமே இதனைக் கண்டுகொண்டது. எழுதும்போது கை முறுக்கிக்கொள்ளும் நோயுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் துணை கேட்டார். 40 இல்லை என்று மறுக்கப்பட்டது. நியாயமான வசதி பெற 40 விழுக்காடு தேவையில்லை என்று 2021-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச்சுக் குறைபாடுடைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது மறுபக்கம்: 40-க்கு மேல் இருக்கிறது, ஆகவே மருத்துவக் கல்லூரியிலே இடமில்லை என்றார்கள். எண்ணைப் பார்த்து விலக்காதே, அவரால் இயலுமா என்று ஆராய்ந்து பார் என்று 2024-இல் அதே மன்றம் சொல்லிற்று. குறைந்தாலும் கதவடைப்பு, கூடினாலும் கதவடைப்பு! இப்படியொரு எண்ணைத்தான் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம்.

தொகைக்கு வருவோம். மற்றவர்க்குத் தரும் உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குத் தருவது 25 விழுக்காடேனும் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் 24-ஆவது பிரிவு. தமிழகத்திலே 2023 சனவரியில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாயாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: 1,200-க்கு மேல் 25 விழுக்காடு, சரியாக 1,500. சட்டம் சொன்ன அடிமட்டத்தைத் தொட்டது. அதற்குமேல் ஒரு காசு இல்லை! வடக்கே எல்லை தாண்டினால் ஆந்திரம். அங்கே 2024 சூலையில் 3,000 ரூபாயை 6,000 ஆக்கினார்கள். சமூகநீதியிலே நாமே முன்னோடி என்று மார்தட்டும் நமக்கு, இந்த ஒப்பீடு உறுத்தவேண்டும். உறுத்தாவிடில், நம் பகுத்தறிவு மேடையோடு நின்றுவிட்டது என்றே பொருள்.

தில்லியின் கதை இன்னும் அழகு. 2012-இல் அது தன் பங்கை 300 ரூபாய் ஆக்கிற்று; பின்னர் பத்தாண்டுக்கு மேலாகியும் அதே 300. நாளொன்றுக்கு 10 ரூபாய்! கண்ணமங்கலம் கடைத்தெருவிலே செல்வர் வைத்துவிட்டுப் போன அதே நாணயம், தோழர்களே! தருமம் என்று நாம் ஒதுக்கியது, அரசு முத்திரையோடு திரும்பி வந்து நிற்கிறது.

“போலிகள் புகுந்துவிடுவார்களே!” என்று சிலர் பதறுகிறார்கள். புகுந்தால் பிடியுங்கள். மோசடியாகச் சலுகை பெறுவோர்க்கு ஈராண்டுச் சிறை வரையிலும், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரையிலும் 91-ஆவது பிரிவு விதித்திருக்கிறது. போலி ஒருவனைப் பிடிப்பதற்காக, உண்மையானவர் நூறு பேரை மலைக்கும் மருத்துவமனைக்கும் அலைக்கழிப்பது எந்த ஊர் நீதி? “கருவூலம் தாங்குமா?” என்று கேட்போரும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்திலே மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். கருவூலம் யாரைத் தாங்குகிறது, யாரைக் கண்டால் மட்டும் சுமை என்று முனகுகிறது என்பதை நாடு அறியும்.

நாம் கேட்பது இது: எண் இருக்கட்டும், அது மருத்துவக் குறிப்பாக இருக்கட்டும். வாழ்வூதியத்தைத் தீர்மானிக்கத் தொழிலையும், வறுமையையும், துணைக்கு ஆள் வேண்டுமா என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள். ‘உயர் ஆதரவு’ தேவைப்படுவோர் விண்ணப்பித்தால் அவர்கள் தேவையை ஆராய ஒரு வாரியம் வேண்டும் என்று 38-ஆவது பிரிவே கூறுகிறது. தேவையை அளக்கும் வழி சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்சியாளர்க்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் வழி செய்தது. கண்ணமங்கலம் போன்ற பேரூராட்சிகளிலே அந்த இருக்கை அலங்காரப் பொருளாகிவிடாமல், ‘இந்த ஊரில் எத்தனை பேர் விடுபட்டனர்?’ என்று கேட்கும் குரலாக வேண்டும். அந்தக் குரலுக்குக் கணக்கு வேண்டும். தெருத் தெருவாகச் சென்று அந்தக் கணக்கை எடுங்கள். படிப்பகத்திலே வாரம் ஒருநாள் மனு எழுதித் தாருங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீடு எழுதுங்கள். வினையை மறுத்துப் பேசும் வாய், உரிமையை எழுதிக் கொடுக்கும் கையாகவும் ஆகவேண்டும்.

அந்தத் தாய் மீண்டும் மலையேறும்போது, முதுகிலே மகன் இருப்பான். கையிலே செல்வரின் நாணயம் இருக்கவேண்டாம். ஒப்புகைச் சீட்டு இருக்கட்டும்! “நூற்றுக்கு எத்தனை?” என்று அவளைக் கேட்ட நாட்டை, நாம் திருப்பிக் கேட்போம்: உரிமை உடையோர் நூற்றுவரில், நீ இதுவரை கொடுத்தது எத்தனை பேருக்கு?