முதுமை எய்திய நாய்க்கு உணவு

வெள்ளாங்குளத்துத் தெருக்களில் இந்நாளில் நடந்து செல்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். வாயிற்படிகளிற் படுத்திருக்கும் நாய்களுட் பல, முகம் நரைத்தவை. அயலார் வந்தால் எழுந்திராது, கிடந்தவாறே இரு முறை குரைத்துத் தம் கடமையை முடித்துக்கொள்பவை. இதற்குக் காரணம் உண்டு. 2008ஆம் ஆண்டிற் போர் நெருங்கியபோது இவ்வூரார் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமற் சென்றவர் பலர். பின்னர் மீண்டு வந்து கூரையிட்ட காலத்தில், பற்றை மண்டிக் கிடந்த வளவுகளுக்குக் காவலாகக் குட்டிகளைத் தேடி எடுத்து வளர்த்தனர். அக்குட்டிகளுக்கு இப்பொழுது பன்னிரண்டு, பதின்மூன்று வயது.

மகாவமிசத்தில் ஒரு கதை வருகின்றது. விசயனின் ஆட்கள் கரையிறங்கியபின் ஒரு நாயைக் கண்டனர். ஊருள்ள இடத்திலன்றி நாய் இராது என்றெண்ணி அவருள் ஒருவன் அதன் பின்னே போனான். அது நாயன்று, குவேனியின் ஏவற்காரி கொண்ட வடிவம் என்பது அவனுக்குப் பின்னரே தெரிந்தது. அஃது எவ்வாறாயினும், அவன் கணக்கு எமக்குப் பிழையாகத் தோன்றவில்லை. எமது ஊர் மீண்டும் ஊராயிற்று என்பதற்கு முதற் சாட்சி கூறியவை இந்நாய்களே.

அண்மையில் அயல்வீட்டு அம்மையார் ஒருவர் எம்மை மறித்து, "மாஸ்ரர், நாய் சோத்தை மணந்து பாத்திட்டுப் போகுது. வயசு போட்டுது எண்டு விடுறதோ?" என்று கேட்டார். நாம் மிருக வைத்தியரல்லோம், கல்லூரியிற் பாடஞ்சொல்பவர். ஆயினும் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றோம்.

நாய் உண்ண மறுத்தால் முதலிற் பார்க்க வேண்டியது அதன் வாயை. முதிய நாய்கள் பலவற்றுக்குப் பல்லும் முரசும் பழுதடைந்திருக்கும். பசி இருந்தும் மெல்ல இயலாது. அடுத்தது மூக்கு. வயது ஏறுந்தோறும் மோப்பம் மழுங்கலாம். மணம் தோன்றாத உணவை நாய் உணவென்றே கொள்வதில்லை. ஆறிப்போன பழஞ்சோற்றை அப்படியே வைப்பதை விடுத்து, மீன் அவித்த நீரைச் சிறிது சூடாக ஊற்றிப் பிசைந்து வைத்தால், மணந்து பார்த்து அகன்ற நாய் திரும்பி வருவதைக் காணலாம். ஒரே வேளையிற் குவித்து வையாது இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து வைப்பதும் நன்று.

கிழநாய்க்கு இறைச்சியும் மீனும் ஆகா, சோறும் கஞ்சியுமே ஏற்றவை என்றொரு கொள்கை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இது பிழை. முதுமையிற் குறைவது உழைப்புக்குரிய சக்தித் தேவை. புரதத் தேவை குறைவதில்லை, சற்றுக் கூடவும் செய்யும். புரதம் போதாவிடின் தசை கரைந்து, பின்னங்கால்கள் தள்ளாடும். சிறுநீரகம் பழுதுற்ற நாய்க்கு மாத்திரம் கதை வேறு. அதற்குப் பொசுபரசு குறைந்த உணவு வேண்டும், அதனை வைத்தியரே வகுக்க வேண்டும். சோற்றையும் நாம் பழிக்கவில்லை. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் ஓநாயிலும் பார்க்க நாயிற் பன்மடங்கு மிகுந்துள்ளன என்று 2013ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. மனிதனின் களஞ்சியத்தருகே வாழ்ந்த வாழ்வு நாயின் குடலையே மாற்றிவிட்டது.

எவ்வளவு கொடுப்பது? ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள எம்மூர் நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கோப்பைச் சோறு, 200 கிராம் மீன் அல்லது கோழியிறைச்சி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி அவித்த பூசணி என்பது நல்ல தொடக்கமாகும். பின்னர் விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தோன்றலாகாது. அன்பினால் அளவு மீறுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 48 லபிறடோர் நாய்களைக் குட்டிப் பருவந்தொட்டு இறுதிவரை கவனித்தனர். ஒரு பாதிக்கு மற்றைய பாதியினும் நாலிலொரு பங்கு குறைவாக உணவளித்தனர். 2002இல் வெளியான அதன் முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றினது 11.2 ஆண்டு. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

மீன் விடயத்தில் நாம் பேறு பெற்றவர்கள். தேவன்பிட்டிக் கரையில் வலையிழுத்தால் சூடையும் கீரியும் வந்து விழும். வாங்குவோரில்லாத அச்சிறு மீன்களிலேயே மூட்டு வீக்கத்தைத் தணிக்கவல்ல கொழுப்பும், விற்றமின் டியும் உள்ளன. நாயின் தோல் வெயிலிலிருந்து அவ்விற்றமினைப் போதிய அளவு ஆக்கமாட்டாது, உணவிலேதான் பெறவேண்டும். பச்சையாக மட்டும் போடலாகாது. சூடையினத்து மீன்கள் சிலவற்றிலே தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, அழிக்கும் பொருளொன்று உண்டு. அவித்தால் அது ஒழிந்துவிடும். பிறசர் குக்கரில் முள் குழையுமட்டும் அவித்து மசித்தால் கல்சியமும் அதனோடு சேர்ந்துவிடும். முள் நீக்கியோ இறைச்சியாகவோ கொடுப்பின், முட்டைக்கோதைக் கொதிநீரில் இட்டெடுத்து, உலர்த்தி, மாவாக இடித்து, நாளுக்கு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். சோறும் இறைச்சியும் மாத்திரம் உண்ணும் நாய்க்குக் கல்சியம் கிட்டுவதேயில்லை என்பதைப் பலர் அறியார். சமைத்த கோழி எலும்பு இதற்கு மாற்றாகாது. அது சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் கடைப் பக்கற் உணவின் விலை எம் போன்றார் கைக்கு எட்டாததாயிற்று. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆயினும் வீட்டுச் சட்டியில் மிஞ்சுவதை அப்படியே கவிழ்த்தல் தகாது. குழம்பிலும் சொதியிலும் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. போர்த்துக்கலில் போபி என்னும் நாய் 31 ஆண்டு வாழ்ந்ததாகக் கூறப்பட்டு, கின்னஸ் ஏட்டிலும் ஏறிற்று. அது 2023இல் இறந்தது. வயதுக்குச் சான்று போதாதென 2024இல் அப்பட்டத்தை நீக்கிவிட்டனர். அதன் உரிமையாளர், தாம் உண்பதையே நீரில் ஊறவைத்துச் சரக்கு நீக்கிக் கொடுத்ததாகக் கூறியிருந்தார். வயது ஐயத்துக்குரியதாயினும் எண்ணம் நல்லதே. எனினும் கழுவுதலால் வெங்காயத்தின் தீங்கு முற்றாகப் போகாது. தாளிப்பதற்கு முன் நாயின் பங்கை வேறாக எடுத்து வைத்தலே வழி. முந்திரிகை வற்றல், சொக்கிலேற்று இரண்டும் நஞ்சு. கருவாட்டின் உப்பு இதயம் தளர்ந்த நாய்க்கு ஏலாது.

இனி, மருந்துக்கடைச் சரக்கு. மீனெண்ணெய் நன்று; 'கொட் லிவர் ஒயில்' எனும் மீன் ஈரலெண்ணெயை அளவின்றி ஊற்றினால் விற்றமின் ஏயும் டியும் உடலிற் சேர்ந்து கேடு விளைக்கும். விற்றமின் சீயை நாய் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்ளும். காசை வீணாக்க வேண்டாம். தேங்காயெண்ணெய் மூளைக்கு உரமென்று சொல்கின்றனர். முதிய நாய்களில் நற்பயன் தந்ததாக 2010இல் வெளியான ஆய்வு, வேறாகப் பிரித்தெடுத்த கொழுப்பைப் பற்றியது. தேங்காயெண்ணெயில் அஃது ஒரு சிறு பங்கே. நொண்டும் நாய்க்கு இரக்கப்பட்டுப் பனடோல் கொடுப்போர் உளர். கொடுக்கற்க. மனிதருக்குரிய நோமாத்திரைகள் பல நாயைக் கொல்லக்கூடியவை.

"மனிசருக்கே மீன் இல்லாத நாளில் நாய்க்கோ?" என்று கேட்பாரும் உளர். வறுமையை அறிந்த ஊர் இது. அக்கேள்வியை நாம் எள்ளவில்லை. ஆனால் நாம் கேட்பது விளைமீனன்று. தலையும் வாலும், வலையிற் கழிந்த சூடையும், வளவுக் கோழியின் ஒரு முட்டையும். பத்தாண்டு இரவில் விழித்த காவற்காரனுக்கு அவ்வளவும் கூலியாகாது.

தண்ணீர்ச் சட்டி எந்நேரமும் நிறைந்திருக்கட்டும். முன்னையிலும் மிகுதியாக நீர் குடித்தால், இரவில் நனைக்கின்றதே என்று சட்டியை எடுத்துவிடாதீர்கள். சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம், வைத்தியருக்குக் காட்டுங்கள். இரண்டு நாள் ஒன்றும் தின்னாது கிடந்தாலும் அவ்வாறே. இனிச் செய்வதற்கில்லை என்று அவரே சொல்லிவிட்டாராயின், மேலே நாம் விதித்தவற்றுட் சிலவற்றைத் தளர்த்தலாம். ஒரு துண்டுக் கருவாட்டுக்கு அது வாலாட்டினால் கொடுத்துவிடுங்கள்.